படுவான்கரையின் ராகம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோவில்களில் என் பாட்டுகளைப் பாடுகிறவர்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விசுவாசத்தில் ஊறிய பெண்ணாம், பரிசுத்த ஆவி தொட்ட குரலாம். ஒரு செபக்கூட்டத்தில் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்கள். அந்த நேரம் நான் திரைச்சீலைக்குப் பின்னால் தப்பியோட வழி பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிறு வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இடி என்றால் பயம், பாவசங்கீர்த்தனக் கூண்டு என்றால் பயம், வாவியில் முதலை கிடக்கிறது என்று யாராவது சொன்னால் ஒரு கிழமைக்குக் கால் நனைக்க மாட்டேன். இத்தனைக்கும் எங்கள் அப்பா வாவியில்தான் வேலை செய்தார். வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டிய எங்கள் பக்கம் எழுவான்கரை. மேற்கே வயலும் மாட்டுப்பட்டியுமாகக் கிடக்கும் பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடத்தும் பலகை மிதவையை எங்கள் ஊரில் பாதை என்போம். அப்பா அந்தப் பாதையைக் கம்பு ஊன்றித் தள்ளுகிறவர்களில் ஒருவர். கத்தோலிக்கரும் சைவரும் ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளும் ஒரே பலகையில் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் எங்கள் கோவிலில் பூசை தமிழுக்கு மாறியது. அதுவரை எல்லாம் லத்தீன். பாடகர் குழுவில் நானும் லத்தீனில்தான் கத்திக்கொண்டிருந்தேன். அர்த்தம் தெரியாத பாட்டைப் பாடுவதில் ஒரு நிம்மதி உண்டு. பிழைவிட்டால் கடவுளுக்கு மட்டும்தான் தெரியும், அவர் ஊரில் போய்ச் சொல்லமாட்டார். தமிழ் வந்ததும் அந்த நிம்மதி போயிற்று. பாட்டுகளும் போதவில்லை. புதிதாக வந்திருந்த பங்குச் சுவாமி இளம் வயதுக்காரர், எதையும் உடனே செய்துமுடிக்க வேண்டும் அவருக்கு. தவக்காலம் தொடங்கியதும் பாடகர் குழுவைக் கூப்பிட்டு நிறுத்தி, பெரிய வெள்ளிக்கு நம் ஊர்ப் பாட்டாக ஒன்று வேண்டும், யாராவது கட்டுங்கள் என்றார். ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சின்னச் சின்னப் பாட்டுகள் சொல்லிக்கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"உம்மால ஏலுமா, மகள்?" என்று சுவாமி கேட்டார்.

ஏலாது என்று சொல்லப் பயமாக இருந்ததால் "ஓம் சுவாமி" என்றேன். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

பல நாட்கள் ஒன்றும் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பெரிய வெள்ளியன்று சனமெல்லாம் என் வாயைப் பார்க்க, நான் மரம் மாதிரி நிற்பதாகவே கனவு கண்டேன். பிறகு ஒரு மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது பாதை அக்கரைக்குப் புறப்பட்டுவிட்டதால் நானும் ஏறிப் போனேன். நல்ல வெயில். பாதையில் இருந்த குடிதண்ணீர்ப் பானை வெறுமையாகக் கிடந்தது. ஒரு வண்டிக்காரர் நாக்கு வறண்டுபோய் நின்றார். சுற்றிலும் வாவித் தண்ணீர், எல்லாம் உப்பு. அவர் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு மனதை என்னவோ செய்தது. சிலுவையில் தொங்கியவர் தாகமாயிருக்கிறது என்று சொன்ன ஞாபகம் வந்தது. அப்பா கம்பை ஊன்றி ஊன்றி எடுத்தார். அந்த இழுவைக்கு ஒத்துக்கொண்டு சொல்லும் ராகமும் ஒன்றாகவே வந்து விழுந்தன.

தாகம் என்றீர் ஐயனே
தண்ணீர் ஏந்தி நின்றோமே
எட்டவில்லையே உம் உதடு
எட்டவில்லையே எங்கள் கை

மூன்றாவது அடியில் ராகம் மேலே ஏறும். எக்கி நின்று கையை உயர்த்துவது போல ஏறி, நான்காவது அடியில் மெல்ல இறங்கும். பாதை கரையைத் தொடுவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன். இதை நான் கட்டவில்லை, கொடுக்கப்பட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. கடவுள் இருக்கிறார் என்பதை அதற்கு முன் நான் நம்பியிருந்தேன், அன்றுதான் எனக்கு அது தெரியவந்தது. இந்த இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் விளங்கும்.

பெரிய வெள்ளியன்று சனம் வரிசையாக வந்து சிலுவை முத்தி செய்யும்போது, சிலுவையை முத்தமிடும்போது, பாடினோம். முன்வரிசை வாங்கில் இருந்த பெண்கள் விம்மி அழுதார்கள். சுவாமி தலையை நிமிர்த்தவே இல்லை. வீட்டில் என் தம்பி, அப்போது அவன் பாலர் வகுப்பு முடித்திருந்தான், நான் பாடிப் பழகும்போதே முழுப்பாட்டையும் பிடித்துக்கொண்டான். எழும்பினால் அந்தப் பாட்டு, குளித்தால் அந்தப் பாட்டு. "மறுகா ஒருக்காப் படி அக்கா" என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பான். எங்கள் ஊரில் பாட்டைப் பாடுவதில்லை, படிப்போம்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு நான் பாதையில் ஒரு மூலையில் இருந்து அந்தப் பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுவான்கரையிலிருந்து தயிர்ச்சட்டி கொண்டுவந்து விற்கும் மாமி. எங்களுக்கு நல்ல பழக்கம், எனக்கு ஆடை படிந்த சட்டியாகப் பார்த்துக் கொடுப்பவர். அவர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"புள்ள, இத உனக்கு ஆர் படிப்பிச்ச?"

"ஒருத்தரும் இல்ல மாமி. நானே கட்டின பாட்டு. எங்கட கோவில்ல பெரிய வெள்ளிக்குப் படிச்சது."

"சொல்லு உன்டதா இரிக்கும். ராகம் உன்ட இல்ல கா. இது எங்கட அம்மன்ட குளிர்த்தி. வைகாசியில கதவு திறந்து, கடைசி நாளுல படிக்கிற. எங்கட அண்ணன்தான் நோன்பு கிடந்து படிக்கிறவர். கதவு பூட்டிக் கிடக்கக்குள்ள இத வாயில எடுக்கப்படா. எடுத்தா அம்மாள் கோவிச்சுக்கொண்டு ஊருக்குள்ள இறங்கிருவா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அவர் குரலிலும் பயம் இருந்தது, அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

அக்கரை அம்மன் கோவில் வருசத்தில் ஒருமுறைதான் திறக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். அந்த நாட்களில் காற்று மேற்கிலிருந்து வீசினால் பறையும் பாட்டும் தண்ணீர் மேலால் வந்து எங்கள் வளவுக்குள் நிற்கும். கடைசி நாளில் அம்மனின் சூடு தணியவேண்டும் என்று பாடுவதுதான் குளிர்த்தி. அம்மா யன்னலைச் சாத்திவிட்டுச் செபமாலை சொல்லத் தொடங்குவார். நானும் கூடச் சொல்லுவேன். காது மட்டும் சாத்திய யன்னலுக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது, தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து வருசா வருசம். எனக்கே தெரியாது. பரலோகத்திலிருந்து வந்தது என்று நான் நினைத்தது வாவிக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறது.

அப்படியானால் அன்று பாதையில் எனக்குத் தெரியவந்தாரே, அவர் யார்? இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு நடந்தேன். பரிசுத்த ஆவியின் வரம் என்று ஊர் முழுக்க அழவைத்துவிட்டு, இப்போது அது இன்னொரு தெய்வத்தின் சொத்து என்றால் நான் கள்ளியா, பைத்தியமா? அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைவிடப் பயந்தவர். எனக்கு இந்தக் குணம் வேறெங்கிருந்து வந்தது?

"இனி இந்தப் பாட்டு இந்த வளவுக்குள்ள கேக்கப்படா. விளங்குதா?" என்றார்.

இரண்டு மூன்று நாள் கழித்துத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பிறகு காதுக்குப் பின்னாலிருந்து சிவப்புப் பொட்டுகள் முகத்துக்கும் நெஞ்சுக்கும் இறங்கின. சின்னமுத்து, தட்டம்மை என்பார்களே அது. ஊரில் அதை அம்மாள் வருத்தம் என்றுதான் சொல்வார்கள், கத்தோலிக்கரும் அப்படித்தான் சொல்வோம். அன்றுவரை அந்தச் சொல்லை நான் யோசித்ததே இல்லை.

அம்மா வாசலில் வேப்பிலை கட்டினார். இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது, படச்சட்டத்தின் மூலையில் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது. வீட்டுக்குள் மீன் வரவில்லை, தாளிப்பு வாசம் வரவில்லை, வெளியாட்கள் வரவில்லை. அப்பா பாதைக்குப் போகாமல் முற்றத்தில் குந்திக்கொண்டிருந்தார். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அம்மா என்னைப் பார்ப்பதும் உடனே கண்ணைத் திருப்புவதுமாக இருந்தார்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். அம்மன் என் தம்பியைப் பிடித்துவிட்டாள் என்று நம்பினால் வேறு தெய்வம் வேண்டாம் என்ற முதலாம் கற்பனையை மீறின சாவான பாவம். நம்பாமல் இருப்போம் என்றால் அவன் உடம்பு அடுப்பாய்க் கொதித்துக்கொண்டு கண் முன்னால் கிடந்தது. செபம் செய்ய முழங்கால் போட்டால், யாரைக் கூப்பிடுகிறேன் என்பதே குழம்பியது. பாட்டை எனக்குத் தந்தவரே, தம்பியை விட்டுவிடும் என்று மட்டும் சொன்னேன். அவர் யாராக இருந்தாலும் கேட்கட்டும் என்று பெயர் சொல்லாமல் விட்டேன்.

காய்ச்சல் ஏற ஏற அவன் பாட்டுத்தான் கேட்டான். தண்ணீர் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை. "படி அக்கா" என்பான். அம்மா என் கையைப் பிடித்து நெரிப்பார். பிறகு காது குத்துகிறது என்று அழுதான். தலையணையில் சீழ் ஒட்டியிருந்தது. ஒரு முழுநாள் அழுதுவிட்டு அழுகையை நிறுத்தினான். அமைதியாகிவிட்டான், சுகம் வருகிறது என்று நாங்கள் நினைத்தோம்.

அன்று பகல் வாசலுக்கு வெளியே தயிர் மாமியின் குரல் கேட்டது. அப்பா வேலியடியில் நின்று பாதைக்காரர் ஒருவரிடம் சொல்லி, அது அக்கரைக்குப் போயிருக்கிறது. கையில் இளநீரும் ஒரு கட்டு வேப்பிலையும். வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு அம்மாவிடம் பேசினார்.

"நான் சொன்னதால இவள் வாயப் பூட்டிற்றாள் எண்டு கேள்விப்பட்டன். அண்ணனுட்டக் கேட்டன். கதவு பூட்டிக் கிடக்கக்குள்ள படிக்கப்படா எண்டதுதான் சட்டம். ஆனா அம்மாள் வந்து இரிக்கிற வீட்டுல கதவு திறந்துதானே கா கிடக்கு. புள்ள குளிரட்டும். படிக்கச் சொல்லுங்க."

அம்மா இளநீரையும் வேப்பிலையையும் வாங்கிக்கொண்டார். பிறகு என் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார்.

தப்பான சாமிக்குப் போய்ச் சேர்ந்துவிடுமோ என்ற பயம், சரியான சாமி கோபிப்பாரோ என்ற பயம், படித்து அவன் செத்துவிட்டால் என்ற பயம். பாயின் ஓரத்தில் முழங்கால் போட்டுத் தொடங்கினேன். முதல் அடி காற்றாகத்தான் வந்தது. மூன்றாவது அடியில் குரல் திறந்துவிட்டது. வாசலில் நின்ற மாமி கண்ணை மூடிக் கும்பிட்டார். அம்மா சிலுவை அடையாளம் போட்டார். தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அவனுக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் சத்தமாகப் படித்தேன்.

அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"படி அக்கா," என்றான். "ஏன் சும்மா வாய அசைக்கிற? படி."

அந்த நேரத்தை என்னால் இதற்குமேல் எழுத முடியாது. நான் படித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

காய்ச்சல் இறங்கியபின் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு காதிலும் நரம்பு போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னார். உயிர் தப்பியது பெரிய காரியம் என்றும் சொன்னார். திரும்பும்போது பஸ்சில் அப்பா அவனை மடியில் வைத்திருந்தார். ரோட்டில் போகும் லொறிகளை அவன் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மே மாத மாதா திருநாளுக்கு அந்தப் பாட்டு வேண்டும் என்று சுவாமி ஆள் அனுப்பினார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ராகம் எங்கேயிருந்து வந்தது என்பதைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. திருநாள் பூசைக்கு ஆயர் ஆண்டகை வருவதாக இருந்தது. தமிழில் பூசை என்பதையே பிடிக்காத பெரியவர்கள் ஊரில் இருந்தார்கள். சுவாமிக்கும் பயம் வந்திருக்கும், பாவம்.

"சொல் நல்லாயிருக்கு. ராகத்த மட்டும் மாத்திப்போடும் மகள்," என்றார்.

மாற்றிப் பார்த்தேன். ஆர்மோனியத்தின் முன்னால் இருந்து எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்தேன். வேறு எந்த ராகத்தில் வைத்தாலும் அந்தச் சொற்கள் செத்துக் கிடந்தன. கடைசியில் பாடுவதே இல்லை என்று முடிவுசெய்தேன். இனி எந்தப் பாட்டும் இல்லை. பாட்டினால்தான் தம்பியின் காது போயிற்று என்று நான் நம்பினேனா என்று கேட்டால், பகலில் நம்பவில்லை என்றுதான் சொல்லுவேன். ஆனாலும் எனக்கு இனி ஒரு ராகமும் வரவேண்டாம் என்று மன்றாடினேன். வந்தால் அது யாருடையதோ, எதைக் கேட்குமோ என்று பயம்.

திருநாளன்று பாடகர் குழுவின் பின்வரிசையில் போய் நின்றேன். கோவில் நிறைந்து, படிகளிலும் வேப்பமரத்தடியிலும் சனம். திருநாளுக்குப் படுவான்கரைச் சைவர்களும் வருவார்கள், மெழுகுதிரி கொளுத்துவார்கள். பக்கக் கதவுக்கு வெளியே தயிர் மாமி நின்றார், அவர் அருகில் நரைத்த தாடியோடு ஒருவர். அவர்தான் குளிர்த்தி படிக்கும் அண்ணன் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆண்டகை பீடத்தில் இருந்தார். நற்கருணை வாங்கச் சனம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்துக்கு வேறு பழைய பாட்டு ஒன்று ஏற்பாடு. அதற்கு ஆர்மோனியம் தொடங்குவதற்குள், முன்வாங்கில் அம்மாவின் பக்கத்தில் இருந்த தம்பி எழும்பி நின்றான்.

கோவிலில் அக்கா நின்றால் அந்தப் பாட்டுத்தான் என்பது அவன் கணக்கு. மற்றவர்கள் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். வாயைத் திறந்து, தொண்டை கிழிய, "தாகம் என்றீர் ஐயனே" என்று எடுத்தான்.

தன் குரல் தனக்குக் கேட்காததால் அவ்வளவு சத்தம். சனம் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தார், அவன் உதறிவிட்டான். சுவாமியின் கண் என்னைத் தேடியது. நான் முன்னால் நின்றவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் அவன் தனியாக நின்று படித்துக்கொண்டிருந்தான், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரிய பயமாக இருந்தது. நான் வரிசையை விலக்கி முன்னால் போய் அவனுக்கு நேரே நின்று இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டேன். அவன் என் வாயையே பார்த்தான்.

மூன்றாவது அடியில் ராகம் ஏறவேண்டும். என் குரல் ஏறப் போனது. அவனுடையது ஏறவில்லை. தன் குரல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கீழேயே நின்று, "எட்டவில்லையே, எட்டவில்லையே" என்று தட்டையாகக் கத்தினான். நான் பாதி ஏறியிருந்த குரலைக் கீழே இறக்கி அவன் நின்ற இடத்துக்குப் போனேன். எனக்குப் பின்னால் குழுவும் இறங்கியது. ஆர்மோனியமும் தடுமாறித் தடுமாறி எங்களைப் பிடித்துக்கொண்டது. அடுத்த கண்ணியிலும் அவன் அங்கேயே நின்றான், நாங்களும் நின்றோம். கதவுக்கு வெளியே நின்ற பெரியவர் பாட்டு முடியும்வரை போகவில்லை. அது இப்போது அவர்களுடைய ராகமாகவும் இல்லை, நான் கட்டியதாகவும் இல்லை.

ஆண்டகை பூசையைத் தொடர்ந்தார். நான் அதற்குப் பிறகு பாட்டுக் கட்டுவதை நிறுத்தவும் இல்லை, பயப்படுவதை நிறுத்தவும் இல்லை.

அந்தப் பாட்டு இன்று வாவிக்கரைக் கோவில்கள் பலவற்றில் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று இளம்பிள்ளைகள் கிற்றார் வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். மூன்றாவது அடி வரும்போது ஏறாமல் கீழேயே நிற்கிறார்கள். அந்த அடி ஏன் அப்படி இருக்கிறது என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. பாட்டு அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். தம்பி இப்போதும் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்து, எல்லோரையும்விடச் சத்தமாகப் படிப்பான். அவன் ஒருவன்தான் தன் மனதுக்குள் அதைப் பழைய ராகத்தில், மேலே ஏற்றிப் படித்துக்கொண்டிருக்கிறான்.